அடுத்த அடிக்குப் போதுமான வெளிச்சம்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையின்போது பேசியது. மலருக்காக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பேசிய நடையைப் பெரும்பாலும் மாற்றவில்லை.)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில், "ஞாயிறு காலையில நீதான் பேசணும்" என்றார். "அண்ணே, நான் போதகர் இல்லையே, சைட் என்ஜினீயர்தானே" என்றேன். "அதனாலதாம்ப்பா கூப்பிடுறோம்" என்றார். ஆகையால் ஆழமான வேத விளக்கம் எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பேச்சில் கொஞ்சம் சிமெண்டும் மணலும் கலந்துதான் வரும். வேறு சமயத்தைச் சேர்ந்த நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். என் விசுவாசத்தின் மொழியில்தான் எனக்குப் பேசத் தெரியும். கேட்டுவிட்டு, உங்களுக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு, 'அன்றாட வாழ்வில் தேவனுடைய வழிநடத்துதல்.' இதில் 'அன்றாட' என்ற சொல்லுக்கு நான் அடிக்கோடு போட்டுக்கொண்டேன். ஏன் என்றால், வழிநடத்துதல் என்றதும் நமக்கு அன்றாட நாள் ஞாபகத்துக்கு வருவதில்லை. பெரிய நாட்கள்தான் வருகின்றன. பிளஸ் டூ முடித்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம், யாரைக் கல்யாணம் செய்யலாம். இப்போது நாலாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: வெளிநாடு போகலாமா, வேண்டாமா. இந்த நாலுக்கும் உபவாசம் இருக்கிறோம், ஊழியக்காரரிடம் ஜெபக் குறிப்பு கொடுக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பன்னிரண்டு மணி தாண்டியதும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். மனசுக்குப் பிடித்த வசனம் வந்தால் பர்ஸில் வைத்துக்கொள்கிறோம். நம் திட்டத்துக்கு ஒத்துவராத வசனமாக வந்தால், "இன்னொண்ணு எடுத்துப் பார்க்கலாமா?" என்று கை நீளுகிறது. சிரிக்கிறீங்க, ஆனா எல்லாரும் செஞ்சிருக்கோம்.

அந்த ஜெபங்களை நான் குறை சொல்லவில்லை. பெரிய முடிவுகளில் ஆண்டவரைத் தேடுவது நல்லதுதான். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எழுபது வருஷம் வாழ்கிற ஒருவருக்கு 25,000 நாட்களுக்கு மேல் இருக்கிறது. இந்த நாலு முடிவுகளையும் சேர்த்தால் நாலைந்து மாதம் வருமா? மீதி நாட்களில் நம்மை யார் நடத்துகிறார்கள்?

119-ம் சங்கீதத்தை எழுதியவர் வேதவசனத்தைக் காலுக்குப் பிடிக்கிற விளக்கோடு ஒப்பிடுகிறார். அந்தக் காலத்து விளக்கு என்றால் உள்ளங்கையில் அடங்கும் மண் அகல். அதன் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்? கரண்ட் போன ராத்திரியில் தோட்டத்து வழியாக நடக்கிறவன் டார்ச்சைக் காலடியில்தான் அடிப்பான். அடுத்த அடி தெரிந்தால் போதும். அந்த அடியை எடுத்து வைத்தால்தான் அதற்கடுத்தது தெரியும். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, "ஆண்டவரே, ஊர் வரைக்கும் வெளிச்சம் காட்டும்" என்று கேட்டால் நடக்கிற காரியமா? நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். தேவனுடைய வழிநடத்துதல் பெரும்பாலும் நமக்கு ஏற்கனவே தெரிந்த அடுத்த அடியில் இருக்கிறது. அதில் உண்மையாக இருப்பதே அதைப் பின்பற்றுவது. இதை மூன்று காரியங்களாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. தெரிந்ததைச் செய்வது

கொத்தனார் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரி, மூன்று வரி கல் வைத்ததும் தூக்குக்குண்டைப் போட்டுப் பார்ப்பார். "சுவர் நேரா இருக்கணுமா, சாஞ்சு இருக்கலாமா?" என்று வீட்டுக்காரரிடம் போய்க் கேட்கமாட்டார். அது என்றைக்கோ முடிவான விஷயம். இப்போது செய்ய வேண்டியது குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பது, விலகியிருந்தால் கல்லை எடுத்துவிட்டு மறுபடி வைப்பது.

ஆமோஸ் தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் இதே தூக்குநூலைத்தான் தரிசனமாகக் காட்டினார். ஆமோஸ் யார்? ஆடு மாடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தரிசனம் பெற்ற அந்த மனிதர் எதைப் பற்றிப் பேசினார் என்று வாசித்துப் பாருங்கள். படியைச் சிறிதாக்கி அளக்கிற வியாபாரி, கள்ளத் தராசு, செருப்பு விலைக்கு ஏழையை விற்கிறவன். கடைத்தெருப் பேச்சு! ஆண்டவருடைய தூக்குநூல் கோயில் சுவரோடு நிற்பதில்லை, கடையின் எடைக்கல் வரைக்கும் வருகிறது.

என் வேலையிலிருந்து ஒன்று சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தனியார் கம்பெனியின் அடுக்குமாடிக் கட்டிட வேலையில் இருந்தேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். நாலரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஸ்லாப் ஒன்று. கான்கிரீட் போட்டால் 14 நாளாவது அடியில் முட்டு நிற்க வேண்டும் என்பது ஐ.எஸ். 456 சொல்லும் விதி. இங்கே சிவில் படிக்கிற தம்பிகளுக்கு அது மனப்பாடம். மேல்மாடிக்கு முட்டு போதவில்லை, ஒப்படைக்கும் தேதியும் நெருங்கிவிட்டது. எட்டாம் நாளே பிரித்துவிடலாம் என்றார்கள். ஏழாம் நாள் கியூப் டெஸ்ட்டும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. நான் வேண்டாம் என்றேன். அதுவரைக்கும் வழக்கமாக நடக்கிற வாக்குவாதம்தான். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி வந்தது. பிரித்தது 14-ம் நாள் என்று ரிஜிஸ்டரில் எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு கையெழுத்துதானே தம்பி" என்றார் மேலதிகாரி. மேஸ்திரி தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்க போடலன்னாலும் முட்டைப் பிரிக்கத்தான் போறாங்க. நீங்க ஏன் கெட்ட பேர் வாங்கிக்கிறீங்க?" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

அன்றைக்கு வானத்திலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை. உபவாசம் இருக்க நேரமும் இல்லை. வேண்டியிருக்கவும் இல்லை. பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் ஆறு வயசில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பொய்ச்சாட்சி சொல்லக் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை, சைட் ரிஜிஸ்டரே போதும். அந்தப் பக்கத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அதனால் என்ன நடந்தது என்பதை மூன்றாவது பகுதியில் சொல்கிறேன்.

சைட்டுக்கு மட்டும் பேசிவிட்டு வீட்டை விட்டுவிடக் கூடாது. நம் குடும்பங்களில் சம்பந்தம் பேசும்போது, "இது ஆண்டவர் காட்டின இடம்" என்கிறோம். ஜெபத்தோடுதான் ஆரம்பிக்கிறோம். ஜெபம் முடிந்த அடுத்த பேச்சு, "எத்தனை பவுன் போடுவீங்க?" வரதட்சணையைச் சட்டமே 1961-ல் தடை செய்துவிட்டது. ஆண்டவர் காட்டின இடத்துக்கு விலை கேட்பது எந்த வழிநடத்துதல்? பெண் யார் என்பதற்கு ஒரு மாதம் ஜெபிக்கிறோம். பவுன் வாங்கலாமா என்பதற்கு ஜெபிப்பதே இல்லை. ஏனென்றால் பதில் நமக்குத் தெரியும். கல்யாணம் ஆகாத தம்பிமார்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். அப்பா அம்மா பார்த்துக்குவாங்கன்னு ஒதுங்கிக்காதீங்க.

2. நிற்கச் சொன்னால் நிற்பது

எண்ணாகமம் 9-ம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் வனாந்தரப் பயணத்தைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. வாசஸ்தலத்தின் மேலிருந்த மேகம் எழும்பினால் அவர்கள் புறப்பட்டார்கள், தங்கினால் தங்கினார்கள். சில சமயம் இரண்டு நாள், சில சமயம் ஒரு மாதம், சில சமயம் ஒரு வருஷம். எப்போது கிளம்புவோம் என்று யாருக்கும் அட்டவணை கொடுக்கவில்லை.

ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். முளை அடித்து, கூடாரம் போட்டு, பாத்திரமெல்லாம் எடுத்து வைத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்திருக்கிறாள். இரண்டாம் நாள் காலையில் மேகம் எழும்புகிறது. மறுபடி கட்டு மூட்டையை! இன்னொரு இடத்தில் மணலும் வெயிலும்தான். இங்கேயிருந்து எப்போதுதான் போவோமோ என்று இருக்கிறது. மேகமோ அசையவில்லை. புறப்படுவதை மட்டும்தான் நாம் வழிநடத்துதல் என்று சாட்சி சொல்கிறோம். தங்கியிருந்த அந்த வருஷமும் வழிநடத்துதல்தான் என்கிறது அந்த அதிகாரம்.

கான்கிரீட்டைப் பற்றி வெளியாட்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு, அது காய்ந்துதான் கெட்டியாகிறது என்று. அப்படியல்ல. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அதனால்தான் ஸ்லாப் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றுகிறோம். குறைந்தது ஏழு நாள், நம் ஊர் வெயிலுக்குப் பத்து நாளாவது கியூரிங் வேண்டும். முழுப் பலத்தை 28-ம் நாள் கியூபை உடைத்துத்தான் பார்க்கிறோம். அந்த நாட்களில் சைட்டுக்கு வருகிற வீட்டுக்காரர், "என்ன சார், ஒரு வேலையும் நடக்கலயே?" என்பார். வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. தண்ணீரை நிறுத்தினால்தான் நஷ்டம்.

இந்தக் கூட்டத்தில் அப்படி நிற்கிறவர்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமாகப் போட்டித் தேர்வு எழுதி இன்னும் வேலை கிடைக்காதவர்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில், "என்ன, விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பயந்து பின்வாசல் வழியாகப் போகிற தம்பதிகள். உங்களுக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஏன் மேகம் அசையவில்லை என்பதற்கு விளக்கம் சொல்ல நான் மோசே இல்லை. வாசலில் கேள்வி கேட்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள், அது போதும்.

நிற்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதல்ல. மேகம் தங்கியிருந்த நாட்களிலும் காலையில் எழுந்து மன்னா பொறுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆடு மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது. நாளைக்கென்று சேர்த்து வைத்த மன்னா கெட்டுப்போனது. அன்றன்றைக்கு உள்ளதை அன்றன்றைக்குச் செய்வதுதான் அவர்கள் கற்றுக்கொண்ட பாடம்.

வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நாம் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவியின் பிரசவத்துக்கு அழைத்தது, ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்காதது, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனது. அந்த இரவோடு பிரசங்கம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்து முடித்தது 1899-ல். வேலூரில் பணியைத் தொடங்கியது 1900-ல். பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது 1918-ல். அழைப்பு ஒரு இரவில் வந்தது, அதற்குக் கீழ்ப்படிய இருபது வருஷத்துக்கு மேல் எடுத்தது. நடுவில் இருந்ததெல்லாம் சாதாரண நாட்கள்: பரீட்சை, நோயாளிகள், பணம் கேட்டு எழுதிய கடிதங்கள்.

3. போன பாதை வீணல்ல

ஆண்டவர் காட்டிய வழியில் போனால் எல்லாம் சுகமாக நடக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. பவுல் ஆசியாவுக்குப் போகப் பார்க்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், மறுபடி தடை. கடைசியில் ராத்திரியில் ஒரு தரிசனம், மக்கெதோனியாவிலிருந்து ஒருவன் உதவிக்குக் கூப்பிடுகிறான். இவ்வளவு தெளிவான வழிநடத்துதல் நமக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்! ஆனால் பிலிப்பி பட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது பிரம்படியும் தொழுமரமும். அன்றைக்கு ராத்திரி நாம் ஜெயிலுக்குப் பார்க்கப் போயிருந்தால், "ஐயா, நீங்க தரிசனத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கபோல" என்று சொல்லியிருப்போம்.

கையெழுத்துப் போடாத கதைக்கு வருகிறேன். என்னை அந்தச் சைட்டிலிருந்து எடுத்து, எட்டு மாதம் ஸ்டோரில் கம்பி எண்ணவிட்டார்கள். உண்மையான கம்பிதான், சிரிக்காதீங்க! அப்போது வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தது, மனைவி மாசமாக இருந்தாள். பிறகு குறைந்த சம்பளத்தில் வேறு வேலைக்குப் போனேன். பழைய சம்பளத்தைத் திரும்பத் தொட இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்க்கிற முடிவு ஒன்று இருக்கிறது, அந்த ஸ்லாப் இடிந்து விழுந்து நான் சொன்னது நிரூபணமானது என்று. அது விழவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. அதன் கீழே குடும்பங்கள் வாழ்கின்றன. அது அப்படியே பத்திரமாக இருக்கவேண்டும் என்றுதான் நான் ஜெபிக்கிறேன். "அப்போ நீ பட்டதெல்லாம் எதுக்கு?" என்று ஒரு நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. அது விழுமா விழாதா என்று கணக்குப் பார்த்து நான் மறுக்கவில்லை. எழுதச் சொன்னது பொய், அதனால் எழுதவில்லை. பலன் என்ன வந்தாலும் அந்தக் காரணம் மாறப் போவதில்லை. என் மனைவி அதை இன்னும் எளிதாகச் சொன்னாள்: "சம்பளம் குறைஞ்சா இழுத்துப் பிடிச்சு ஓட்டிரலாம். போட்ட கையெழுத்த எப்படிங்க திருப்பி வாங்குறது?"

சில நேரம் ஒரு பாதை ஏன் அப்படிப் போனது என்பது பின்னால் தெரியவரும். நம் மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். படிக்க இங்கிலாந்து போன இடத்தில், 1929-ல் அவருடைய தகப்பனார் காய்ச்சலில் இறந்தார். தகப்பனைப்போல் மிஷனரியாக இந்தியா திரும்ப வேண்டும் என்பதற்காகவே பால் கட்டிட வேலை கற்றார். கல் வேலை, தச்சு வேலை எல்லாம் வருஷக்கணக்கில் கற்றார். ஆனால் மிஷன் அவரை ஏற்கவில்லை. பிறகுதான் மருத்துவப் படிப்பு. கட்டிடத்தில் போன வருஷங்கள் வீண் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் விரல் மடங்கிப்போன கைகளைக் கண்டார். அன்றைக்கு அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய ஆளில்லை. வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றித் தைத்து, அந்தக் கைகளைத் திறக்கவைத்தார். கையும் காலும் தானாக அழுகிப்போவதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டும் வெட்டியும் காயப்படுவதுதான் பெரும் காரணம் என்று எடுத்துக்காட்டினார். திறந்த கைக்கு வேலை வேண்டுமே? அங்கேதான் பழைய தச்சு வேலை கைகொடுத்தது. நோயாளிகளுக்கு மர வேலை சொல்லிக்கொடுத்தார். வீண் என்று எண்ணப்பட்ட வருஷங்கள், பிச்சைக்கு நீட்டிய கைகளில் உளியாக வந்து சேர்ந்தன.

அவருடைய தாயார் எவிலின் அம்மையார் கணவரை இழந்த பிறகும் ஊழியத்தை விடவில்லை. எழுபது வயதுக்குப் பக்கத்தில் மிஷன் ஓய்வு கொடுத்தது. அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் மலை மலையாகப் போய் ஊழியம் செய்தார். மகனுடைய பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க முடிந்தது. தாயினுடையது அன்றைய ஒரு மலை, அடுத்த நாள் இன்னொரு மலை, அவ்வளவுதான். இரண்டும் உண்மைதான்.

நாள்தோறும் என்ன செய்யலாம்?

நான் செய்து பார்த்துப் பயன் கண்டதை மட்டும் சொல்கிறேன். வேதத்தை வரிசையாக வாசியுங்கள், கால் மணி நேரம் போதும். பிடித்த வசனத்தை மட்டும் தேடி எடுத்தால் நாம் கேட்க விரும்புவதுதான் காதில் விழும். வரிசையாக வாசிக்கும்போதுதான் ஆமோஸ் நம்மைப் பிடிப்பார்.

சைட்டில் தினமும் டைரி எழுதுகிறோம்: எத்தனை ஆள், எத்தனை மூட்டை, என்ன வேலை. அதைப்போல் ராத்திரி மூன்று கேள்வி: இன்றைக்கு எனக்குத் தெரிந்த நல்லது என்ன? அதைச் செய்தேனா? யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

உங்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தைரியமுள்ள பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முடிவுகளை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "ஆண்டவர் என்கிட்ட சொல்லிட்டார்" என்று சொல்லி வீட்டில் மற்றவர்களின் வாயை அடைக்காதீர்கள். ஆண்டவர் பேரைச் சொல்லி நம் விருப்பத்தைச் சாதிப்பதற்கு வழிநடத்துதல் என்று பெயரில்லை.

தானியேலுக்கு ராஜாவின் கட்டளை வந்தபோது அவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை முழங்காலிட்டார் என்று வேதம் சொல்கிறது. சிங்கக் கெபி ஒரு ராத்திரிதான். அதற்கு அவரை ஆயத்தப்படுத்தியது அதற்கு முன்னே போன ஆயிரக்கணக்கான சாதாரண நாட்கள்.

தம்பி தங்கைகளே, நாளைக்கு உங்களுக்கு லேப் இருக்கிறது. ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாமல், வந்ததை எழுதுங்கள். உங்கள் ரிஜிஸ்டர் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. அண்ணன்மார்களே, அக்காமார்களே, நம்மில் பலர் இன்று கையெழுத்துக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். நம் கீழே வேலை பார்க்கிற ஒரு சின்னப் பையனிடம் "ஒரு கையெழுத்துதானே" என்று நாம் சொல்லாமலிருந்தால், அவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அது எவ்வளவு பெரிய உதவி!

அடுத்த அடியைக் காட்டுகிற ஆண்டவர் அதை எடுத்து வைக்கப் பலனும் தருவார். அவர் நம் எல்லாரோடும், நம் கல்லூரியோடும் இருப்பாராக.  ஆமென்.